நிலக்கரியும் ஏனைய சக்திகளும்: ஹல்துமுல்லைச் சரிவிலிருந்து ஓர் ஆராய்ச்சி

நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூட இல்லாத நாடு இலங்கை. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலச் சதுப்பில் படிந்து கிடக்கும் முதிராத கரியைத் தவிர, அந்த வம்சத்தைச் சேர்ந்த கனிமம் எதனையும் இயற்கை இத்தீவுக்கு அளிக்கவில்லை. ஆயினும் இன்று இந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, இந்தோனேசியாவிலும் தென்னாபிரிக்காவிலும் ரஷ்யாவிலும் வெட்டியெடுக்கப்பட்டுக் கப்பலேறி வரும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. அதே வேளையில், இந்நாட்டு நீர்வீழ்ச்சிகள் யாவற்றிலும் உயரமானதாகிய பம்பரகந்த, ஹல்துமுல்லைப் பிரதேசத்துக் கலுபஹனைக்கு அருகே, 263 மீற்றர் உயரத்திலிருந்து எவருக்கும் ஒரு சதமும் செலவு வைக்காமல் இரவும் பகலும் விழுந்துகொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்கு, வீட்டு வாசலில் ஜலம் இருக்கக் கடல் கடந்து கரி தேடுவானேன் என்ற கேள்வி எழுவது சகஜம். கேள்வி நியாயமானதே, விடைதான் அத்துணை எளிதன்று.

கணக்கிலிருந்து தொடங்குவோம். நல்ல ரக நிலக்கரி ஒரு கிலோவை எரித்தால் ஏறக்குறைய 6,000 கிலோ கலோரி உஷ்ணம் கிடைக்கும். அவ்வுஷ்ணத்தில் மூன்றிலொரு பங்கைச் சற்றே மிஞ்சியதுதான் மின்சாரமாக மாறுகிறது, எஞ்சியதெல்லாம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வீணே கழிகிறது. இவ்வாறு பார்த்தால், ஓர் அலகு மின்சாரத்துக்கு 400 கிராம் கரி, அதாவது இரு கையாலும் அள்ளுமளவு கரி, போதும். அதே ஓர் அலகைப் பம்பரகந்தவின் முழு உயரத்திலிருந்தும் நீரை இறக்கி, நல்ல சுழலி ஒன்றைச் சுற்றவைத்துப் பெறுவதாயின், சுமார் 1,600 லீற்றர் நீர் வேண்டும். நிலக்கரியின் மகிமை முழுவதும் இந்த விகிதத்தில் அடங்கியிருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்புவனங்கள் உண்டு சேர்த்த வெயிலைப் பூமி தன் பாரத்தால் அழுத்திக் கல்லாக்கித் தந்திருப்பதனால், அதனைக் கப்பலில் ஏற்றலாம், மாதக்கணக்கில் குவித்துவைக்கலாம், வேண்டிய நாழிகையில் எரிக்கலாம். நீரோ இருக்குமிடத்தில்தான் உதவும், பெய்த காலத்தில்தான் பெருகும். மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்: உலர்ந்த விறகு, எடைக்கு எடை, கரியின் உஷ்ணத்தில் பாதிக்குச் சற்று மேல் தரும், தமிழ்நாட்டு நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, ஈரம் மிகுந்திருப்பதனால், அந்தப் பாதியைக்கூட எட்டாது, டீசல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறையத் தரும், ஆனால் அதன் விலை அதனினும் வேகமாக ஏறி நிற்கும்.

இந்த மகிமையைக் கொண்டுதான் நிலக்கரி முதன்முதலில் ஊவாவுக்கு ஏறிவந்தது. கரிக்கோச்சி 1893ஆம் ஆண்டில் ஹப்புத்தளையையும், மறு ஆண்டில் பண்டாரவளையையும், பின்னும் முப்பது ஆண்டு கழித்து 1924இல் பதுளையையும் அடைந்தது. அதற்கு முன்பெல்லாம் மாட்டுவண்டிகளை நம்பி, மலைச்சாலைகளில் நாட்கணக்கில் ஊர்ந்து இறங்கிய ஊவாவின் விளைச்சல், 44 அடிக்கு ஓரடி ஏறும் இருப்புப்பாதையில், பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தைத் தாண்டிக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போகத் தலைப்பட்டது. ஹப்புத்தளைக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையே மலைமுதுகில் ஓடும் அந்த ரயிலின் புகையை, கீழே சரிவில் கொழுந்தெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்த காலம் அது. கரி இறக்குமதியாகி, அதுவும் மலையேறிவந்து, தன்னைச் சுமந்த எஞ்சினுக்கே ஆகாரமுமாயிற்று. 1954ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்திறங்கிய பின்னர், கரிக்கோச்சியின் ஆயுள் எண்ணப்படலாயிற்று. இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: எடைக்கு எடை டீசலின் விலை குறைவு என்பதனால் அது வெல்லவில்லை. பல மணி நேரம் முன்னதாகவே நெருப்பு மூட்டி ஆவி கூட்டவேண்டிய அவசியமும், வழியில் நின்று நின்று நீர் குடிக்கவேண்டிய அவசியமும், கரி அள்ளிப் போடும் ஆட்களும் அதற்கு வேண்டியிருக்கவில்லை, அதனால் வென்றது. சக்திகளுக்கிடையே நடக்கும் போட்டியை எரிபொருளின் விலைப்பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்பிட முற்படுகிறவர்கள் இந்த மலைநாட்டு ரயிலின் சரித்திரத்தையும் சற்றே படிப்பது நல்லது.

தேயிலைத் தொழிற்சாலையின் கதை இதனினும் படிப்பினை மிகுந்தது. ஆரம்பகாலத் தோட்டத்துரைமார், பக்கத்து ஓடையை மறித்துச் சக்கரத்தையும் பின்னர் சுழலியையும் சுற்றவைத்து, நீண்ட தண்டாலும் தோல்வாராலும் கொழுந்து அரைக்கும் யந்திரங்களை இயக்கினர். பிற்பாடு அச்சுழலியுடன் டைனமோவைப் பிணைத்துப் பங்களாவுக்கு மின்விளக்கும் ஏற்றிக்கொண்டனர், தொழிலாளர் குடியிருந்த லயங்களிலோ குப்பி விளக்கே எரிந்தது. இத்தகைய சிறு நீர்மின் நிலையங்கள் மலைநாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தன. தேசிய மின்கம்பி வந்து சேர்ந்ததும், 1972 முதல் 1975 வரையில் தோட்டங்கள் அரசுடைமையானதும், அவற்றில் பெரும்பாலானவற்றைத் துருப்பிடிக்க விட்டன. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மின்சார சபைக்கு மின்சாரம் விற்கும் தனியார் தொழிலாக, அவற்றின் சந்ததி மீண்டும் தலைகாட்டிற்று. ஓடை அதே ஓடைதான், ஆனால் உற்பத்தி இப்பொழுது தோட்டத்துக்கன்று, சந்தைக்கு.

ஆயின், தொழிற்சாலையின் உண்மையான பசி மின்சாரப் பசியன்று, உஷ்ணப் பசி. நாலரை கிலோப் பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, சூளைக் காற்றில் காயவைத்தால்தான் ஒரு கிலோத் தேயிலை கிடைக்கிறது. எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீராயிருந்த இலை, மூன்று சதவீத ஈரத்துக்கு வற்றிப்போகவேண்டும். இதற்கு, கிலோ ஒன்றுக்குச் சுமாராக ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை விறகு எரிகிறது. யந்திரங்களையும் விசிறிகளையும் ஓட்ட வேண்டிய மின்சாரமோ ஓர் அலகுக்கும் குறைவு. ஒன்றரை கிலோ விறகின் உஷ்ணத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஆறு அலகு. எனவே, தேயிலை உற்பத்தியில் செலவாகும் சக்தியிற் பெரும்பகுதி விளக்கு மாட்டிய கம்பியில் வருவதன்று, லொறியில் வரும் விறகே. அந்த ஆறு அலகு உஷ்ணத்தையும் மின்சாரத்தாலேயே உண்டாக்குவோம் என்று எவராவது புறப்பட்டு, அம்மின்சாரமும் நிலக்கரியிலிருந்து பிறந்ததாயின், ஒன்றரை கிலோ விறகு செய்த வேலைக்கு 2.4 கிலோக் கரியை எங்கோ ஒரு கடற்கரையில் எரித்தவர்களாவோம். சக்தியைப் பற்றிய பொதுப் பேச்சில் மின்சாரமே சக்தி முழுவதும் என்று கொண்டுவிடும் வழக்கம் எத்தனை பெரிய பிழைக்கு இடங்கொடுக்கிறது என்பதற்கு இது ஒன்றே சான்று.

விறகுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று கருதவேண்டாம். நட்டு வளர்த்து, வெட்டி, மீண்டும் நடப்படும் யூக்கலிப்ரஸோ கிளிரிசிடியாவோ வானத்துக்கு விட்ட கரியமிலவாயுவை வானத்திலிருந்தே திரும்பப் பெறும். நீரூற்றுக்கு மேலுள்ள காட்டை வெட்டி எரிப்பதோ நிலக்கரியை எரிப்பதனினும் கேடானது, ஏனெனில் அது மலையின் பிடிப்பையும் சேர்த்து எரிக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில், இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மூடிய மண்சரிவுக்கு விறகு வெட்டியதே காரணம் என்று சொல்வது சத்தியத்துக்கு விரோதமாகும். அடைமழையும், வடிகாலற்ற சரிவும், அபாயம் அறிந்திருந்தும் ஜனங்களை அவ்விடத்திலேயே குடியிருக்க விட்ட அலட்சியமும் அதற்குப் போதுமானவையாயிருந்தன. ஆனால் இத்தகைய மண்ணின் மேல் நின்றுகொண்டு எந்த எரிபொருளை எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்கிறவன், கிலோ கலோரியோடு சரிவின் கோணத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இனி நாட்டின் பொது மின்சாரத்துக்கு வருவோம். நீரைக் கொண்டே இத்தீவுக்கு ஒளியூட்டலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த யோசனை, இடைவிட்டு இடைவிட்டு நடந்த வேலையின் பின், 1950இல் லக்ஷபானவில் பலித்தது. எண்பதுகளில் மகாவலித் திட்டத்தின் கீழ் எழுந்த விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல ஆகிய அணைகளோடு, நாட்டு மின்சாரம் அநேகமாக முழுவதும் நீராலேயே ஆனது என்று சொல்லக்கூடிய ஒரு சிறு பொற்காலமும் வந்து போயிற்று. 1996இல் மழை பொய்த்தபோது அதன் விலை தெரிந்தது. வீடுகள் மணிக்கணக்கில் இருண்டன. அவசரத்துக்கு வாங்கிய எண்ணெய் யந்திரங்கள் நிரந்தரமாயின. எண்ணெயின் விலை சபையின் கஜானாவை அரித்தது. அந்தப் பயத்திலிருந்து பிறந்த குழந்தைதான் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையம்.

தலவில புனித அன்னம்மாள் தேவாலயத்துக்கு அருகே நிலக்கரி எரிப்பதா என்று கத்தோலிக்கரும், கடல் சூடேறிவிடும் என்று மீனவரும் நெடுங்காலம் எதிர்த்தபின், சீனக் கடனோடு எழும்பிய அந்த நிலையத்தின் முதல் யந்திரம் 2011இலும், எஞ்சிய இரண்டும் 2014க்குள்ளும் இயங்கத் தொடங்கின; மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட். அதன் குணத்தை மறுப்பதற்கில்லை. எண்ணெயை விட மலிவாக, மழையைக் கேளாமல், நள்ளிரவிலும் அதிகாலையிலும் ஒரே சீராக அது மின்சாரம் தந்திருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் வறட்சி வந்தபோதெல்லாம் நாட்டைத் தாங்கியது அதுவே. குற்றங்களையும் அதே நடுநிலையோடு சொல்லவேண்டும். முழு வேகத்தில் ஓடினால் அது ஆண்டொன்றுக்கு உண்ணும் இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கரியையும் நடுக்கடலில் கப்பலிலிருந்து தெப்பங்களுக்கு இறக்கிக் கரைசேர்க்க வேண்டியிருப்பதனால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவ்வேலை நின்றுவிடுகிறது; மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக மலையைத் தாண்டி வந்து ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தை ஊட்டும் அதே காற்று, மறு கரையில் கரிக்கப்பலைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகையால் ஏறக்குறைய செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரையில் வந்த கரிதான் ஆண்டு முழுவதற்கும். அக்கரியை வாங்க டாலர் வேண்டும். டாலர் இல்லாத 2022இல், எண்ணெயும் தட்டி நீரும் தாழ்ந்து, ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்தோம். நீர் பருவத்துக்கு அடிமை, கரி பருவத்துக்கு அடிமையன்று என்று சொன்னவர்கள், கரி கப்பலுக்கும் அந்நியச் செலாவணிக்கும் அடிமை என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

2025 பெப்ரவரி 9ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து மின்மாற்றியைத் தீண்ட, நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றி எல்லாரும் சிரித்தார்கள். உண்மையில் சிரிக்கத்தக்க விஷயம் குரங்கன்று. விடுமுறை நண்பகலில் தேவை குறைந்திருக்க, கூரைகளின் மேலுள்ள சூரியத் தகடுகள் மிகுதியாக உற்பத்தி செய்ய, கனத்த சுழலிகள் சில மட்டுமே ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. பெரிய சுழலிகளின் பாரமே அதிர்ச்சியைத் தாங்கி அலையை நிதானப்படுத்துவது. சூரியத் தகட்டுக்கு அத்தகைய பாரம் இல்லை. அதிர்ச்சியைத் தாங்கமாட்டாமல் நுரைச்சோலையின் மூன்று யந்திரங்களும் ஒருங்கே நின்றன. நின்றவை சூடாறி மீண்டும் எழச் சில நாட்களாயின. அந்நாட்களில் மின்வெட்டும் வந்தது. இச்சம்பவத்திலிருந்து சூரியனின் விரோதிகள் ஒரு பாடமும், கரியின் விரோதிகள் மற்றொரு பாடமும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்பதே என் அபிப்பிராயம்: சிறு தேசமொன்றின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கை ஒரே கூரையின் கீழ் வைப்பதும் அபாயம், பாரமற்ற உற்பத்தியைச் சேமிப்புக் கலங்கள் இன்றிப் பெருக்குவதும் அபாயம்.

உயிருக்கும் வானத்துக்கும் நேரும் சேதத்தை எடுத்துக்கொண்டால், நிலக்கரிக்காக வாதாட எவராலும் இயலாது. சுரங்கத்திலிருந்து சாம்பல் வரை எல்லாவற்றையும் கூட்டி உலக விஞ்ஞானிகளின் காலநிலைக் குழு 2014இல் தந்த மதிப்பீட்டின்படி, ஓர் அலகுக்கு நிலக்கரி 820 கிராம் கரியமிலவாயுவையும், எரிவாயு 490 கிராமையும், பெரிய சூரிய நிலையம் 48 கிராமையும், நீர் 24 கிராமையும், அணுசக்தியும் காற்றும் பன்னிரண்டு கிராமளவையும் வெளிவிடுகின்றன. நூறு கோடி அலகு மின்சாரத்துக்கு, விபத்தாலும் புகையாலும் இறப்போர் தொகை, நிலக்கரிக்குச் சுமார் 25 என்றும் எண்ணெய்க்கு 18 என்றும் ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள்; நீருக்கு அது ஒன்றைச் சற்றே மிஞ்சும், அதிலும் பெரும்பங்கு 1975இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்த ஒரே அநர்த்தத்தால் வந்தது; காற்றுக்கும் சூரியனுக்கும் அணுவுக்கும் ஒன்றில் நூற்றிலொரு பங்குகள் சிலவே. மலைநாட்டுக்குக் கரிக்கோச்சியை அனுப்பிய இங்கிலாந்து, 1882இல் இலண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தை, 142 ஆண்டுகளின் பின் 2024 செப்டெம்பர் 30இல் முற்றாக நிறுத்திவிட்டது. அதற்கு முன் வேண்டியமட்டும் எரித்துக்கொண்டார்கள் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நீர் நிரபராதியா? மலையகத்தில் வாழ்கிறவன் அப்படிச் சொல்லத் துணியமாட்டான். 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன, சென்கிளயர் அருவி நிர்ணயிக்கப்பட்ட நேரத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவு விழும் உத்தியோக அருவியாயிற்று. நமக்கு மேற்கே, 1992 முதல் இயங்கும் 120 மெகாவாட் சமனலவெவ நீர்த்தேக்கம், வலது கரையில் கசியத் தொடங்கி இன்றளவும் கசிகிறது. கசிந்த நீரைக் கல்தோட்டை விவசாயிகள் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வதுதான் அந்தப் பிழையின் ஒரே நற்பயன். கிழக்கே உமா ஓயாவில் நடந்ததோ விளையாட்டன்று. ஈரானிய உதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, நீரைப் பாதாளச் சுரங்கத்தின் வழியாக வெல்லவாயப் பக்கம் இறக்கும் அத்திட்டத்தின் சுரங்கப்பாதை பண்டாரவளையின் அடியில் குடையப்பட்டபோது, 2014 முடிவிலும் மறுபடி 2017இலும், நிலத்தடி நீர் பெருக்கெடுத்துச் சுரங்கத்துள் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் மறைந்தன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஜனங்கள் கடைகளை அடைத்து வீதிக்கு வந்தார்கள். 2024 ஏப்ரலில் அது திறந்துவைக்கப்பட்டு, இன்று 120 மெகாவாட் தேசத்துக்குக் கிடைக்கிறது. புகையில்லை, சாம்பலில்லை, அலகுக்கு 24 கிராம் என்ற பட்டியலில் பெருமையோடு இடம்பெறும். வற்றிப்போன கிணற்றுக்கு அந்தப் பட்டியலில் பத்தி இல்லை. ஒவ்வொரு சக்திக்கும் விலை உண்டு. அதை ரூபாயில் கட்டுகிறவர் ஒருவர், கிணற்றாலும் நுரையீரலாலும் கட்டுகிறவர் மற்றொருவர் என்பதே இந்த ஆராய்ச்சியில் நான் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொள்ளும் உண்மை.

சம்பூரிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. 2006இல் யுத்தத்தால் துரத்தப்பட்ட தமிழ் ஜனங்களின் மண்ணில் இந்திய உதவியோடு 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் எழுப்பத் திட்டமிட்டார்கள். ஜனங்களும் சூழலியலாளரும் எதிர்த்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2016இல் அரசு அதனைக் கைவிட்டது. அவ்விடத்தில் இப்பொழுது சூரிய மின்சாரத்துக்கு வேலை நடக்கிறது. 2021இல் இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று இலங்கை உலக அரங்கில் ஒப்புக்கொண்டும் இருக்கிறது.

அப்படியாயின் எதை நம்புவது? மன்னாரில் முப்பது காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாட் நிலையம் காற்றின் வல்லமையை நிரூபித்திருக்கிறது. வலசைப் பறவைகளின் வழி என்ற ஆட்சேபத்தோடும் விலைத் தகராறோடும் அடுத்து வரவிருந்த பெரிய அந்நிய முதலீடு 2025இல் விலகிக்கொண்டது. அணுசக்தியைப் பற்றிச் சிலர் ஆசையோடு பேசுகிறார்கள். கடலுக்கு அப்பால் கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட், நம் நாட்டின் உச்சத் தேவையோ 3,000 மெகாவாட் அளவிலேயே நிற்கிறது. அத்தகைய உலை ஒன்று திடீரென நின்றால் என்னவாகும் என்பதைக் குரங்கு ஏற்கெனவே காட்டிவிட்டது. சூரியனே எதிர்காலத்தின் மலிவான சக்தி என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அது நண்பகலின் சக்தி; மூடுபனி சூழும் பெரகலைக்கும் ஹப்புத்தளைக்கும் அது பாதி நாளைக்கூடத் தராது. ஆகவே, சேமிப்புக் கலங்களுக்கும், நீரை மேலேற்றி வைத்து மாலையில் இறக்கும் திட்டங்களுக்கும் பணம் ஒதுக்குவதே இன்றைய முதற்கடமை என்றும், நுரைச்சோலை அதன் ஆயுள் முடியும்வரை ஓடட்டும், அதற்குத் துணையாக இன்னொன்று வேண்டாம் என்றும் நான் கருதுகிறேன். மூடிக் கிடக்கும் தோட்டத்து நீர்ச்சுழலிகளை அந்தந்தத் தொழிற்சாலைக்கே திரும்பக் கொடுப்பதும், விறகுக்கென்று தனிக் காடு நட்டுச் சரிவுக் காட்டை விட்டுவைப்பதும், தேசிய மட்டத்தில் மிகச் சிறிய காரியங்கள். ஊவாவுக்கு அவையே பெரியவை.

இவற்றுக்கெல்லாம் அடியில், எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறாத ஓர் அடுப்பு இருக்கிறது. லயங்களுக்கு இன்று மின்கம்பி வந்துவிட்டது. ஆனால் சோறு வேகுவது இன்னமும் பெரும்பாலும் கவ்வாத்து மிலாறிலும் காட்டு விறகிலுமே. ஜன்னல் சிறுத்த அந்த அறைக்குள் நிறையும் புகையைப் பெண்களும் கைக்குழந்தைகளுமே சுவாசிக்கிறார்கள். வீட்டடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அந்தப் பெண்ணின் மார்புக்கு, நுரைச்சோலைக் கரியில் பிறந்த மின்சாரங்கூட அவளுடைய அடுப்பை விடச் சுத்தமானது. கரியை வெறுக்கும் நண்பர்களுக்கு இது கசக்கும், ஆயினும் உண்மை. அவள் அடுப்பு மூட்டுவது, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போகுமுன் விடியாத ஐந்து மணிக்கும், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபின் இருட்டும் வேளைக்கும். இரண்டும் சூரியத் தகடு உறங்கும் நேரங்கள், பின்னது நாடு முழுவதும் மின்சாரத்தை மிகுதியாகக் கேட்கும் நேரமுங்கூட. மின்னடுப்புக்கு மாறுங்கள் என்று அவளிடம் சொல்லப் போகிறவர்கள், அந்த ஐந்து மணி மின்சாரம் எதிலிருந்து வரும், அதற்கு அவள் நாட்சம்பளத்தில் எத்தனை பங்கு போகும் என்ற இரண்டு கணக்குகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போகவேண்டும்.